லாலாங் மண்டிய கொல்லை: தோண்டுவதா, மருந்தடிப்பதா, மூடி வைப்பதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், வீட்டின் பின்புற நிலத்தை ஓரிரு ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்துவிடும். நமக்கு வசந்தம் என்றொரு பருவம் இல்லை என்பதால், பிப்ரவரி வெயிலில் நிலத்தைத் திருத்தி, ஏப்ரல், மே மாத மழையில் நடுவதே பொருத்தம். தீ வைப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் திறந்தவெளி எரிப்புக்குத் தடை உள்ளது என்பது ஒருபுறமிருக்க, தழை கருகினாலும் மண்ணடித் தண்டு உயிரோடிருந்து மீண்டும் துளிர்க்கும்.

அந்தத் தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் புரியும். வெளிர்மஞ்சளாய், கணுக்கணுவாய், ஊசிபோன்ற முனையோடு அது மண்ணில் பக்கவாட்டில் ஓடுகிறது. கணுவுள்ள சிறு துண்டு தங்கினாலும் புதுப் புல் கிளம்பும். ஆகவே தோண்டுவதென்றால், கண்டபடி கொத்தும் மண்வெட்டியைவிட, தண்டை அறுக்காமல் மண்ணைப் புரட்டும் முட்கரண்டியே மேல். உழவு இயந்திரமோ ஒரு தண்டைப் பத்தாக நறுக்கி நிலமெங்கும் நட்டுவிடும். பொறுக்கிய தண்டுகளைத் தகரத்தின்மேல் பரப்பிக் காயவிட வேண்டும். முதுகு ஒடியும் வேலைதான், ஆனால் உடனே நடக்கூடிய நிலம் இவ்வழியில்தான் கிடைக்கும்.

உழைப்பு மிகக் குறைவானது மருந்தடிப்பு. தோட்டங்களில் ஒரு காலத்தில் பெருமளவு அடிக்கப்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, மருந்து பட்ட இலையை மட்டுமே கருக்கும். மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி பச்சை இலைவழி இறங்கித் தண்டுவரை செல்வதால், புல்லை வெட்டிய கையோடு அடிப்பது வீண். புதுத்தழை நன்றாக விரிந்த பின்பு, மழை வராத நாளில் அடித்தால்தான் பலன் உண்டு. பெரிய நிலத்துக்கு இது சரிப்படலாம். ஆனால் காற்றில் பறக்கும் துளிகள் பக்கத்துக் கறிவேப்பிலையையும் பப்பாளியையும் கெடுக்கும். 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் வைத்தது. கோழி மேயும், பிள்ளைகள் ஓடும் கொல்லைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

லாலாங்கின் பலவீனம் நிழல். ரப்பர்த் தோட்டங்களில் பியூராரியா, கலப்போகோனியம் போன்ற கொடிகளைப் படரவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டுக் கொல்லையில் அக்கொடிகள் மரமேறித் தொல்லை தரும் என்பதால், புல்லைப் பலகையால் மிதித்துச் சாய்த்து, காகித அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விரித்து, மேலே பழம் எடுத்தபின் மிஞ்சும் செம்பனை வெற்றுக் குலைகளைப் பரப்பினால் போதும். குலைகளைக் குவித்து வைத்தால் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு அதில் பெருகும். ஓரடுக்காகவே பரப்ப வேண்டும். குறை ஒன்றுதான்: மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சனி, ஞாயிறு மட்டும் கைகொடுக்கும் குடும்பத்துக்கு என் தேர்வு கலப்பு முறை. சமையலறைக்கு அருகே இரண்டு பாத்திகளை மட்டும் தோண்டி, நம் மண் பெரும்பாலும் புளிப்பு என்பதால் டோலமைட் சுண்ணாம்பு கலந்து, தண்டுக்கீரையும் வெண்டையும் போடலாம். மீதி நிலத்தை மூடி, புல் ஒடுங்கிய பின் அங்கே சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டால் அதன் இலையே நிழலைத் தொடரும். எதைத் தேர்ந்தாலும், திருத்தாத பக்கத்து நிலத்தை ஒட்டி ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கான் வெட்டி, எட்டிப்பார்க்கும் தண்டுகளை அவ்வப்போது நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலிக்கு அப்பாலிருந்து லாலாங் திரும்பி வரும்.