பரம்பரைச் சொத்து: அப்படியே ஏற்பதா, பட்டியலிட்டு ஏற்பதா, மறுப்பதா?

இறந்தவரின் சொத்தை எந்த நாட்டுச் சட்டம் ஆள்கிறது என்பதை முதலில் பாருங்கள். இந்தியாவில், வாரிசின் கைக்கு வந்த சொத்தின் மதிப்புக்கு மேல் கடன்காரர் கேட்க முடியாது. ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பானில் அப்படியல்ல. சொத்தோடு கடனும் வரும். கடன்காரர்கள் உங்கள் சொந்தச் சேமிப்பிலும் கைவைக்கலாம்.

வரவும் கடனும் ஆவணத்தோடு தெளிவாகத் தெரிந்தால் அப்படியே ஏற்பதுதான் எளிது. ஆனால் பலர் யோசித்து ஏற்பதில்லை, தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். இறந்தவரின் காரை விற்றாலோ, அவர் கணக்கிலிருந்து பணமெடுத்துச் சொந்தச் செலவு செய்தாலோ, ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளக்கூடும். அதன்பின் மறுக்க முடியாது. வீட்டைப் பூட்டிப் பாதுகாப்பதோடு நிறுத்துங்கள்.

மறுப்பதற்குக் கெடு உண்டு. விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஜெர்மனியில் பொதுவாக 6 வாரம், ஜப்பானில் 3 மாதம். நகையை வைத்துக்கொண்டு கடனை மட்டும் விட முடியாது. நீங்கள் விட்ட பங்கு மறைந்தும் போகாது: ஜெர்மனியில் அது உங்கள் பிள்ளைகளுக்குப் போகும், அவர்களுக்காகவும் தனியே மறுக்க வேண்டும். ஜப்பானில் பிள்ளைகள் அனைவரும் மறுத்தால் இறந்தவரின் பெற்றோருக்கு, பிறகு உடன்பிறந்தவர்களுக்கு. முன்கூட்டியே சொல்லாவிட்டால் சித்தப்பா வீட்டுக்குத் திடீரென்று கடன் நோட்டீஸ் போகும்.

கடன் எவ்வளவு என்றே தெரியாதபோது, சொத்தையும் கடனையும் பட்டியலிட்டு ஏற்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. சொத்து தாங்கும் அளவுக்குத்தான் கடன் கட்டுவீர்கள். வேலை அதிகம்தான். பிரான்சில் இப்படி ஏற்பதாக அறிவிப்பு கொடுத்த 2 மாதத்துக்குள் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நிபந்தனையின்றி ஏற்றதாகிவிடும். கடன்காரர்கள் கோருவதற்கு 15 மாத அவகாசம் உண்டு. ஜப்பானில் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்துதான் இந்த வழிக்குப் போக முடியும். ஒருவர் முரண்டு பிடித்தால் வழி அடைபடும்.

எந்த வழியானாலும் கணக்கு ஒன்றுதான். அவசரத்துக்கு விற்றால் கிடைக்கும் விலையிலிருந்து அடமானம், வரி பாக்கி, பெயர் மாற்றும் செலவு, விற்பனையாகும்வரை ஆகும் பராமரிப்பு எல்லாவற்றையும் கழியுங்கள். வங்கிக் கணக்கில் மாதாமாதம் பிடிக்கப்படும் தவணைகள் கடனைக் காட்டிக்கொடுக்கும். பிறருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து மட்டும் எந்தக் கணக்கிலும் தெரியாது. அதற்குப் பழைய கடிதங்களையும் தொழில் கூட்டாளிகளையும் தேடித்தான் போக வேண்டும்.