துபாய் வேலை: பல வருஷம் இருந்து பார்த்தவனின் அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் சபராளி (வெளிநாட்டு வேலைக்குப் போனவர்) இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் புதிதாகக் கிளம்புகிற பையன்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: சம்பளம் எவ்வளவு? துபாயில் நீண்ட காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை இரண்டாவதாகக் கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது, அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு என்பது.

லாத்தா (அக்கா) மகன் சமீபத்தில் ஒரு ஆஃபர் லெட்டரைப் போனில் அனுப்பினான்.

"மாமா, 1800 திர்ஹம். போகலாம்ல?"

"பேசிக் எவ்வளவுடா போட்டிருக்கான்?"

"அது 800. மிச்சம் அலவன்ஸ். எப்படியும் கையில 1800 வருதுல்ல, அப்புறம் என்ன?"

கையில் வருவது 1800தான், அதில் பொய்யில்லை. 2009லிருந்து சம்பளம் அரசாங்கம் கண்காணிக்கும் முறையில் வங்கி, எக்ஸ்சேஞ்ச் மாதிரி நிறுவனங்கள் வழியாகத்தான் வருகிறது. சிக்கல் ஊர் திரும்பும்போது வரும். வேலையை விடும்போது கம்பெனி மொத்தமாகத் தருவது சர்வீஸ் பணம், ஒரு வருஷம் முடித்தவருக்குத்தான் அது உண்டு. முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் கூலி, அதற்கு மேல் 30 நாள் கூலி என்பது அங்குள்ள சட்டம். அந்தக் கூலி பேசிக்கை வைத்து மட்டும்தான் கணக்கிடப்படும். 5 வருஷம் உழைத்தால் 800 பேசிக்காரருக்கு 2800 திர்ஹம். அதே 1800ஐ 1200 பேசிக், 600 அலவன்ஸ் என்று பிரித்திருந்தால் 4200. ஓவர்டைமும் பேசிக்கை வைத்துத்தான். மாதாமாதம் ஒரே தொகை வாங்கும் இரண்டு பேர், கடைசியில் வேறு வேறு தொகையோடு விமானம் ஏறுவது இதனால்தான். பேசிக்கை ஏற்றிக் கேட்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது குடியேற்றச் சோதனை தேவை என்று இருக்கும் (நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை). அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், விபத்தில் இறந்தால் 10 லட்சம். இவ்வளவு மலிவான காப்பீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விசிட் விசாவில் போய் வேலை தேடலாம் என்று கூட்டிப்போகிறவர்களிடம் இதெல்லாம் கிடையாது. பதிவுபெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெட்டி விஷயம். ராமநாதபுரம் முண்டு மிளகாய் கட்டாயம், அங்கே கிடைக்கிற மிளகாயில் நம்ம மீன் ஆணம் (குழம்பு) ருசிக்காது. தொதல் (நம்ம ஊர் இனிப்பு) கொண்டு போனால் அறையில் ஒரே நாளில் காலி. ஆனால் கசகசா ஒரு சிட்டிகைகூடக் கூடாது. அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கு. முழுசாக யாரும் கொண்டு போவதில்லை, வீட்டில் அரைத்துத் தருகிற குருமாப் பொடியில்தான் ஒளிந்திருக்கும். உம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கும் அங்கே கெடுபிடி. மருத்துவர் சீட்டும் முன்அனுமதியும் இல்லாமல் தொடாதீர்கள்.

தங்குமிடம் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. துபாயின் தேரா பகுதியில் பெட் ஸ்பேஸ் என்றால் ஒரு கட்டில், ஒரு அலமாரித் தட்டு, அவ்வளவுதான். கட்டிலில் மேலா கீழா என்பதைவிட பிளக் பாயிண்ட் யார் பக்கம் என்பதில்தான் சண்டை வரும். கம்பெனி கேம்ப் (தொழிலாளர் விடுதி) தருவதாக இருந்தால் தட்டிக்கழிக்காதீர்கள், வாடகை மிச்சம். வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. போட்டிம் போன்ற செயலியை வீட்டில் இருப்பவர்கள் போனிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எனக்குக் கடைசிவரை உழைத்தது என்ஆர்இ கணக்கு, வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட்டுவைக்க இந்திய வங்கியில் தொடங்குவது. வட்டிக்கு இங்கே வரி கிடையாது, பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாம். பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓவாக (வெளிநாடுவாழ் இந்தியரின் சாதாரணக் கணக்காக) மாற்ற வேண்டும். தோப்புக் குத்தகை, வீட்டு வாடகை போன்ற ஊர் வருமானம் அதில்தான் விழ வேண்டும். கூடவே இந்திய நம்பருக்கு விடாமல் ரீசார்ஜ் போடுங்கள். ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும், அது செத்துப்போனால் வங்கிக் கணக்கே கைக்கு எட்டாது.

ஊரில் மனை வாங்குவோர் பலர், தங்கள் சார்பில் ஊரில் இருப்பவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்புவார்கள். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் மட்டும் போதாது. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் அது பீரோவிலேயே கிடந்து நாள் தாண்டிப்போய், மறுபடி முதலிலிருந்து எழுதி அனுப்ப வேண்டியதாயிற்று.

வேலையை விட்டு வரும்போது அவசரம் வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் நிறுவனம் எல்லாப் பாக்கியையும் தர வேண்டும். விசா கேன்சல் தாளில் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி இருக்கும், பணம் கணக்கில் ஏறிய பிறகு அதில் கையெழுத்துப் போடுங்கள். அங்கே எடுத்த கிரெடிட் கார்டையும் முடித்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்புகிறோம் என்பார்கள், கிளம்பும் முன் வந்துவிட்டதா என்று பாருங்கள்.