அஃபிலியேட் மார்க்கெட்டிங்ல நாலரை வருஷம்: நீடாமங்கலம் பக்கத்துலேர்ந்து என் அனுபவம்

2022 செப்டம்பர்ல பேங்க்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு, 1,112 ரூபா கிரெடிட்னு. ஒரு பொருளோட லிங்க்க போட்டு, அதுல யாராவது வாங்குனா கமிஷன் வாங்குற இந்த அஃபிலியேட் வேலைய ஆரம்பிச்சு பதினஞ்சு மாசம் கழிச்சு வந்த முதல் காசு அது, அப்பாகிட்ட போனை காட்டுனேன், அவர் கண்ணாடியை போட்டு ரெண்டு தடவ படிச்சாரு. இப்ப மாசம் அஞ்சாயிரத்துலேர்ந்து ஏழாயிரம் வரைக்கும் வருது, சில மாசம் ஆயிரம் கூட தாண்டாது. வேலைய விட்டுட்டு இதுல இறங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு இந்த கணக்கை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா யாரும் எனக்கு இத சொல்லல.

2021 ஜூன்ல லாக்டவுன், நான் வேலை பாத்த டியூஷன் சென்டர் மூடியாச்சு, பாப்பாவுக்கு ஒரு வயசு. அப்ப ஒருத்தர் அஃபிலியேட் கத்துத்தரேன்னு ஆன்லைன் கிளாஸ் நடத்துனாரு, 4,999 ரூபா, கொலுசை அடகு வச்சு கட்டுனேன். பத்து வீடியோ குடுத்தாங்க, கடைசி வீடியோவுல சொன்னது என்னன்னா இதே கிளாஸ்ல இன்னும் நாலு பேர சேத்துவிட்டா கமிஷன். அவ்வளவுதான். மனசு விட்டுப்போச்சு. தெரிஞ்சவங்க தலையில கட்டி காசு பாக்க எனக்கு பிடிக்கல, அதோட அந்தப் பக்கம் போகல. தயவுசெஞ்சு கேட்டுக்கோங்க, நெஜமான அஃபிலியேட்ல சேர ஒரு பைசா கட்ட வேண்டாம், ஒரு ஷாப்பிங் சைட்ல கணக்கு ஆரம்பிச்சா உங்க பேர்ல ஒரு டேக் குடுப்பாங்க, அந்த டேக் உள்ள லிங்க்ல போய் யாராவது வாங்குனா உங்களுக்கு ஒரு சதவீதம், வாங்குறவங்களுக்கு விலை ஏறாது. சேர்றதுக்கே பணம் கேட்டா ஓடிடுங்க.

பெறவு நானே ஒரு சைட்ல கணக்கு ஆரம்பிச்சேன். எல்லாரும் பண்றத பாத்து போன், இயர்போன்னு லிங்க் போட்டேன், நான் தொட்டுக்கூட பாக்காத பொருள், யாரு நம்புவா. பன்னெண்டாயிரம் ரூபா போன் வித்தாலும் கமிஷன் நூறு ரூபா பக்கம்தான் நிக்கும்னு வேற அப்ப தெரியாது. ஆறு மாசத்துக்குள்ள மூணு சேல் ஆகணும்னு ரூல், அவசரத்துல மாமாவையும் தம்பியையும் என் லிங்க்ல வாங்க வச்சேன், வீட்டு ஆளுங்க வாங்குனா கணக்குல சேராதுன்னு எழுதியிருந்தத நான் படிக்கல, கணக்கு மூடிட்டாங்க. தப்பு என்னுதுதான். நாலஞ்சு பக்கம் இங்கிலீஷ்ல இருந்தாலும் அந்த விதிமுறைய உக்காந்து படிச்சிருங்க.

எனக்கு வழி தொறந்தது பேட்டரி ஸ்பிரேயர்ல. 2022ல மேட்டூர் அணைய மே 24லயே தொறந்துட்டாங்க, வழக்கமா ஜூன் 12தான், அதனால எங்க பக்கம் குறுவை முன்னாடியே கெளம்பிருச்சு. அப்பாவுக்கு கைப்பம்பு அடிச்சு தோள் வலி, ஆன்லைன்ல 16 லிட்டர் மிஷின் ஒண்ணு 2,600 ரூபாய்க்கு வாங்குனோம், 12 வோல்ட் 8 ஆம்பியர்-அவர் பேட்டரி. அப்பா வயல்ல மருந்தடிக்கிறப்ப நான் வரப்புல நின்னு போன்ல எடுத்தேன், ஒரு மா நெலத்துக்கு எத்தன டேங்க் ஆச்சு, ஒரு சார்ஜுக்கு எத்தன டேங்க் அடிச்சுது, வார் தோளை அறுக்குதா, நாசில் அடச்சா எப்படி கழட்டி கழுவுறது, எல்லாம் அவர் வாயாலயே. ஏழு நிமிஷ வீடியோ. அதுக்கு கீழ புதுசா ஆரம்பிச்ச கணக்கோட லிங்க். பத்து நாள்ல ஒம்பது பேர் வாங்கியிருந்தாங்க, ஒரு மிஷினுக்கு 130 ரூபா வந்துச்சு.

அதுல ஒண்ணு புரிஞ்சுது, வாங்குறது வயல்ல இருக்குறவங்க இல்ல. அவங்க வீடியோ பாப்பாங்க, ஆர்டர் போடுறது திருப்பூர்லயோ சிங்கப்பூர்லயோ இருக்கிற பையன். அதனால இப்ப வீடியோவுலயே சொல்லிடுறேன், லிங்க்க உங்க புள்ளைக்கு அனுப்புங்க, வேற எங்கயும் தேட சொல்லாதீங்கன்னு. காரணம் இருக்கு, அமேசான்ல எல்லாம் லிங்க்க தொட்ட 24 மணி நேரம்தான் நம்ம கணக்கு, அந்த நேரத்துல அவங்க வேற என்ன வாங்குனாலும் கமிஷன் நமக்கு. தார்ப்பாய் பாக்க வந்தவர் குக்கர் வாங்கி அதுக்கும் எனக்கு வந்திருக்கு. ஆனா பொருள் ரிட்டர்ன் ஆனா வந்த கமிஷன் திரும்பப் போயிரும், காசு கைக்கு வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும், அந்த இடைவெளிய மனசுல வச்சுக்கோங்க.

தார்ப்பாய்தான் எனக்கு நெறய குடுத்தது. குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒண்ணா வரும், டிபிசி, அதாவது அரசு நெல் கொள்முதல் நிலையம், அது வாசல்ல நெல்லை கொட்டிட்டு நாள்கணக்கா காத்துக் கெடக்கணும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா திருப்பி காய வைன்னுருவாங்க. அதனால 90 ஜிஎஸ்எம் ஒண்ணு, 200 ஜிஎஸ்எம் ஒண்ணு (ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் எத்தன கிராம்னு, கூடுனா தடிமன் ஜாஸ்தி), ரெண்டையும் என் காசுல வாங்கி வாசல்ல பக்கம் பக்கமா ரெண்டு மரக்கா நெல்லை கொட்டி மூடி, நடுவுல குழி மாதிரி அமுக்கி ரெண்டு குடம் தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க விட்டேன். காலைல 90 போட்ட குவியலுக்குள்ள கைய விட்டா நெல்லு சில்லுன்னு விரல்ல ஒட்டுது, மடிப்பு இருந்த எடத்துல ஊசிமுனை அளவுக்கு வெடிப்பு. 200ல நெல்லு கலகலன்னு இருந்துச்சு, ஆனா ஓரத்துல கயிறு கட்டுற அலுமினிய வளையம் ஒண்ணு காத்துல பிச்சுக்கிட்டு வந்துருச்சு, அதையும் காட்டுனேன். 2023 அக்டோபர்ல 11,480 ரூபா, இன்னிக்கு வரைக்கும் அதுதான் என் பெரிய மாசம்.

என் வருமானம் தண்ணிய பாத்துதான் ஓடுது. 2024ல மேட்டூர் ஜூலை 28தான் தொறந்துச்சு, எங்க பக்கம் நெறய பேர் குறுவை போடல, அந்த ஜூலைல எனக்கு 1,900 ரூபாதான்.

காசு விஷயத்துல இன்னொண்ணு. பான் நம்பர் குடுக்கலன்னா கமிஷன்ல 20 சதவீதம் வரியா புடிப்பாங்க. குடுத்தா முன்ன 5 சதவீதம், 2024 அக்டோபர்லேர்ந்து 2 சதவீதம். ஆடிட்டர்கிட்ட ஒரு தடவ போய் நம்ம பேர்ல எவ்வளவு வரி புடிச்சிருக்காங்கன்னு எடுத்து பாத்து வருமான வரி ரிட்டர்ன் போட்டா, நம்ம வருமானத்துக்கு அது திரும்பி வந்துரும், எனக்கு வந்துச்சு. அதே மாதிரி 2023 ஜனவரில நுகர்வோர் துறை வழிகாட்டுதல் போட்டாங்க, கமிஷன் வருதுன்னா வீடியோ எந்த மொழியோ அதே மொழியில சொல்லணும். நான் முதல் வரியிலயே சொல்லிடுறேன், இந்த லிங்க்ல வாங்குனா எனக்கு காசு வரும்னு. அதனால யாரும் கொறச்சு வாங்கல.

மனச உறுத்துன ஒரு விஷயம். ரெண்டாவதா சொன்ன ஒரு ஸ்பிரேயர, வாங்கி நாலே நாள்ல வீடியோ போட்டுட்டேன். எங்க தெரு சித்தப்பா அத பாத்துதான் வாங்குனாரு. எட்டு மாசத்துல பேட்டரி படுத்துருச்சு, தூக்கிட்டு வந்து திண்ணைல வச்சு, "பாப்பா, நீ சொன்னேன்னுதான் வாங்குனேன்"னாரு. கோவமா கூட சொல்லல. மன்னார்குடியில புது பேட்டரி வாங்கி என் காசுல மாட்டிக் குடுத்தேன், நல்லா ஓடிக்கிட்டிருந்த அந்த வீடியோவையும் அன்னிக்கே எடுத்துட்டேன். அதுலேர்ந்து ஒரு போகம் முழுக்க பொருள் வயல்ல உழைக்காம நான் லிங்க் போடுறதில்ல. நாலரை வருஷத்துல சோதிக்க வாங்குன பொருளுக்கே 23,000 ரூபா போயிருக்கு, கம்பெனி சும்மா அனுப்புறேன்னு சொன்னத ரெண்டு தடவ வேணாம்னுட்டேன்.

இப்ப ஈரப்பதம் பாக்குற மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். நெறய பேர் லிங்க் கேக்குறீங்க. சம்பா அறுத்து டிபிசிக்கு நெல்லு போகட்டும், அவங்க மிஷின் என்ன காட்டுது என் மீட்டர் என்ன காட்டுதுன்னு ஒவ்வொரு மூட்டைக்கும் எழுதி வச்சு மாசி மாசம் போடுறேன், அது வரைக்கும் வாங்காதீங்க.