போலந்துப் பிறந்தநாள் மேசை: எட்டுப் பேருக்கு எந்த வோட்கா, எந்த சைடு டிஷ்?

எட்டுப் பேர், நாலு மணி நேரம், அரை லிட்டர் பாட்டில் மூன்று. போலந்துக் கடை அலமாரியில் நூறு லேபிள் மின்னினாலும், பிறந்தநாளுக்கு இந்த மூன்று போதும்: உருளைக்கிழங்கில் காய்ச்சிய லுக்ஸுசோவா ஒன்று, ரை தானியத்தில் காய்ச்சிய விபொரோவா ஒன்று, கடைசிக்குப் புல் வாசனை அடிக்கும் ஜுப்ரூஃப்கா ஒன்று. மூன்றுமே விலையில் நடுத்தரம். இதைவிட விலை கூடியதை வாங்கினால் மேசை இன்னும் சிறக்குமா என்றால், பெரும்பாலும் இல்லை. காரணம் கீழே.

நம்மூரில் முதலில் சரக்கு முடிவாகும், சைடு டிஷ் அதற்குப் பின்னால் வரும். போலந்தில் தலைகீழ். மேசையில் என்ன சாப்பாடு என்று பார்த்துத்தான் வோட்காவையே தேர்ந்தெடுக்கிறார்கள். வோட்கா குடித்த கையோடு கடித்துக்கொள்வதற்கு ‘ஸகொன்ஸ்கா’ என்று தனிப்பெயர் இருக்கிறது. அது இல்லாமல் ஊற்றிக்கொடுப்பது விருந்தாளியை அவமதிப்பது மாதிரி.

அளவு 50 மில்லி. நம்ம ஸ்மாலுக்கும் லார்ஜுக்கும் நடுவே. அரை லிட்டரில் பத்து கிளாஸ் வரும், ஆக மூன்று பாட்டிலில் முப்பது. தலைக்கு நாலுக்குக் கொஞ்சம் குறைவு. சாப்பாட்டோடு நாலு மணி நேரத்துக்கு இது கணக்கான அளவு. ‘தலைக்கு அரை லிட்டர்’ என்று போலந்துக்காரர்கள் சொல்வதைக் கேட்டு மிரள வேண்டாம். அது விடியவிடிய ஆடுகிற கல்யாணத்துக்கான கணக்கு. எல்லோருக்கும் ஊற்றி முடிந்ததும் ஒருவர் ‘நா ஸ்த்ரோவியே’ என்பார், ஒரே மடக்கு, உடனே ஒரு கடி. ராவாகத்தான் குடிப்பார்கள். ஐஸ் போட்டால் தண்ணீர் கலந்து வழவழப்புப் போய்விடும். காரம் தாங்காதவர்களுக்குப் பக்கத்தில் ஆப்பிள் ஜூஸோ, பழம் வேகவைத்த ‘கொம்பொத்’ தண்ணீரோ இருக்கும். அதை வோட்காவில் கலப்பதில்லை, பின்னால் ஒரு வாய் குடிப்பார்கள்.

இனி பாட்டிலுக்கு வருவோம். 2013 முதல் ‘போல்ஸ்கா வூத்கா’, அதாவது போலந்து வோட்கா, என்று லேபிளில் போடுவதற்குச் சட்டம் இருக்கிறது. ரை, கோதுமை, பார்லி, ஓட்ஸ், கோதுமையையும் ரையையும் ஒட்டுச்சேர்த்த டிரிட்டிகேல் என்ற ஐந்து தானியம், இல்லையென்றால் உருளைக்கிழங்கு. அதுவும் போலந்து மண்ணில் விளைந்தது, காய்ச்சுவது முதல் எல்லா வேலையும் போலந்துக்குள்ளேயே. வோட்காவுக்கு ருசியே கிடையாது என்பவர்கள் இந்த ஆறில் மூன்றை அருகருகே வைத்துக் குடித்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம். ரை மிளகுக் காரமும் ரொட்டியின் கருகிய ஓரமுமாக இருக்கும். கோதுமை லேசானது, அடியில் இனிப்பு. உருளைக்கிழங்கு நாக்கில் கொழகொழவென்று நிற்கும், காரம் மெதுவாகத்தான் ஏறும். வார்சாவின் பிராகா பகுதியில், 1897-இல் தொடங்கிய கொனேஸர் வடிசாலையின் பழைய வளாகத்தில் 2018 முதல் போலந்து வோட்கா அருங்காட்சியகம் நடக்கிறது. அந்த ஊரில் விருந்து வைப்பவர்கள் அன்று பகலில் அங்கே போய்வந்தால், மாலையில் பாட்டில் வாங்கும்போது தடுமாற்றம் இருக்காது.

முதல் சுற்று லுக்ஸுசோவாவுக்கு. பெயருக்கு ‘ஆடம்பரமானது’ என்று பொருள், விலை அப்படி இல்லை. இதன் கொழகொழப்பு உப்பு மீனோடு சேரும்போதுதான் பயன்படுகிறது. அந்த மீன் ‘ஷ்லெச்’, அதாவது ஹெர்ரிங். நம்ம மத்தியின் குடும்பம்தான். ‘மீனுக்கு நீந்தப் பிடிக்கும்’ என்று ஒரு பேச்சு போலந்தில் உண்டு. ஷ்லெச் தட்டு மேசைக்கு வந்ததும் யாராவது அதைச் சொல்லிக்கொண்டே பாட்டிலைத் திறப்பார்கள்.

கடையில் ஜாடியில் விற்கும் ஷ்லெச்சில் வினிகர் தூக்கலாக இருக்கிறது, வோட்காவின் ருசியை அடித்துவிடும். வீட்டில் செய்வது சுலபம், ஆனால் முந்தைய நாளே செய்ய வேண்டும். எட்டுப் பேருக்கு உப்பிட்ட ஹெர்ரிங் துண்டம் அரைக் கிலோ எடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் ஊறவிட்டு, நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பது அவசியம். கருவாட்டுக் குழம்புக்குக் கருவாட்டை ஊறவைப்பவர்களுக்கு இந்தப் பதம் கைவந்ததுதான்: உப்பு முழுதும் போகக்கூடாது, நாக்கைச் சுடவும் கூடாது. இரவு முழுக்க ஊறினால் சதை மாவாகிவிடும், பிறகு எடுக்கவே வராது. ஊறியதைத் துணியில் ஒற்றி, ஈரம் போனதும் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். வெங்காயம் இரண்டை மெல்லிசாக அரிந்து, கொதிநீர் ஊற்றி வடித்துக்கொண்டால் நெடி குறையும். ஜாடியில் மீன், வெங்காயம் என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஆல்ஸ்பைஸ் ஐந்து, பிரிஞ்சி இலை இரண்டு போட்டு, மீன் மூழ்கும்வரை எண்ணெய் விட்டுக் குளிர்ப்பெட்டியில் 24 மணி நேரம். கடுகு இனத்து ராப்ஸீட் எண்ணெய் வழக்கம். ஆளிவிதை எண்ணெயும் உண்டு, அது கொஞ்சம் கசக்கும். ஈரம் ஒற்றாமல் அடுக்குவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் தேங்கி, மேசைக்கு வரும்போது கலங்கலாக நிற்கும்.

எண்ணெய் மீன் முதலில் வருவதற்கு இன்னொரு காரணம்: கொழுப்பு வயிற்றில் இருந்தால் மது குடலுக்கு இறங்குவது தாமதமாகும், போதை மெதுவாக ஏறும். ‘ஏறாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மொத்தக் கணக்கு குறைவதில்லை, நேரம்தான் தள்ளிப்போகிறது.

இரண்டாவது சுற்று விபொரோவா. ரையின் காரம் இதில் தெளிவாகத் தெரியும். புளிப்புக்கும் கொழுப்புக்கும் இதுதான் எதிராளி. பக்கத்தில் வைக்க வேண்டியவை: பன்றிக் கொழுப்பை வெங்காயத்தோடு உருக்கி உறையவைத்த ‘ஸ்மாலெட்ஸ்’, கறுப்பு ரொட்டி, உப்புநீரில் புளித்த வெள்ளரிக்காய். வெள்ளரி வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். ‘கிஷோனே’ என்றால் உப்புநீரில் தானாகப் புளித்தது, ‘கொன்செர்வோவே’ என்றால் வினிகரில் போட்டது. வோட்காவுக்கு முதல்தான் சரி. இரண்டாவதை வாங்கி வந்துவிட்டால் சாண்ட்விச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பச்சை மாட்டிறைச்சியைக் கத்தியால் பொடியாகக் கொத்தி, மேலே முட்டை மஞ்சள் கரு, சுற்றிலும் வெங்காயம், வெள்ளரி, ஊறுகாய்க் காளான் வைத்துத் தரும் ‘தத்தார்’ தட்டுக்கும் விபொரோவாதான். உணவகத்தில் ஒன்றை இருவர் பகிர்ந்தால் போதும். வீட்டில் செய்வதென்றால் அன்றைக்கே வெட்டிய இறைச்சி வேண்டும், பரிமாறும் நிமிடம்வரை குளிரிலேயே இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அந்தத் தட்டு வேண்டாம். இரண்டு சுற்றுக்கு நடுவே ‘ஜூரெக்’ சூப் வந்துவிட வேண்டும். ரை மாவைப் புளிக்கவைத்து, வெள்ளைத் தொத்திறைச்சியும் வேகவைத்த முட்டையும் போட்ட சூப் அது. பழைய சோற்று நீராகாரத்தின் புளிப்பு பிடிக்குமென்றால் இதுவும் பிடிக்கும்.

விலை கூடிய ஷோபெனும் பெல்வெடேரும்? இரண்டுமே தரத்தில் குறை சொல்ல முடியாதவை. உருளைக்கிழங்கு ஷோபென் லுக்ஸுசோவாவைவிட வழவழப்பு, பெல்வெடேர் விபொரோவாவைவிட மென்மையான ரை. ஆனால் வெங்காயமும் ஊறுகாயும் மணக்கும் மேசையில் அந்த வித்தியாசம் மூன்றாவது கிளாஸிலேயே காணாமல் போய்விடும். பிறந்தநாள்காரருக்குப் பரிசாகக் கொடுங்கள், அவர் தனியாக இன்னொரு நாள் குடிக்கட்டும்.

ஜுப்ரூஃப்காவில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். அதே பெயரில், அதே காட்டெருமைப் படத்தோடு இரண்டு பாட்டில் விற்கிறது. ‘பியாவா’ என்று எழுதியது வெறும் வெள்ளை வோட்கா. வேண்டியது உள்ளே ஒற்றைப் புல் நிற்கும் பாட்டில். திரவம் லேசான மஞ்சள் பச்சை. கிழக்குப் போலந்தின் பியாவோவீஜா காட்டில், காட்டெருமை மேயும் இடங்களில் வளரும் வாசனைப்புல்தான் அது. ருசி தருவது அந்த ஒற்றைப் புல் அல்ல, உலர்ந்த புல்லை ஊறவைத்து எடுத்த சாறு. மூக்கருகே கொண்டுபோனால் புது வைக்கோலும் வனிலாவும் சேர்ந்த மணம். அந்த மணத்துக்குக் காரணமான கூமரின் என்ற பொருளை உணவில் சேர்க்க அமெரிக்கா 1954-இல் தடை போட்டது. அதனால் அங்கே விற்பது கூமரின் இல்லாத வேறு தயாரிப்பு. போலந்தில் வாங்குவதே அசல்.

இதை மட்டும் கலந்து குடிக்கலாம். 50 மில்லிக்கு ஆப்பிள் ஜூஸ் 150 மில்லி. வடிகட்டாத, கலங்கலான ஜூஸ் கிடைத்தால் நல்லது. போலந்துக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஷர்லோத்கா’, அதாவது அவர்களுடைய ஆப்பிள் கேக். குடித்துப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று புரிந்துவிடும். கேக் வெட்டும் நேரத்துக்கென்றே இந்தப் பாட்டிலை ஒதுக்கிவையுங்கள். முதலில் திறந்தால் அந்த வைக்கோல் மணத்துக்கு முன்னால் மீனும் எடுபடாது, தத்தாரும் எடுபடாது.

குளிர் விஷயத்தில் எல்லோரும் செய்யும் ஒன்று, மூன்றையும் ஃப்ரீஸருக்குள் தள்ளுவது. 40 சதவீத வோட்கா வீட்டு ஃப்ரீஸரின் மைனஸ் 18 டிகிரியில் உறையாது, பாகாக இறுகும். லுக்ஸுசோவாவுக்கு அது பொருத்தம். ஜுப்ரூஃப்காவை அங்கே வைத்தால் மணம் செத்துவிடும். அதற்கு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக் குளிர் போதும். செர்ரி, சீமை மாதுளை ருசியில் வரும் சொப்லிட்ஸா மாதிரியானவை 30 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் மைனஸ் 15-ஐத் தாண்டும்போது ஐஸ் துகள் கட்டத் தொடங்கிவிடும்.

சைவக்காரர்கள் இருந்தால் பியெரோகி கொழுக்கட்டைதான் அவர்களுக்கு மேசை. உருளைக்கிழங்கும் புதுப் பாலாடைக்கட்டியும் அடைத்த ‘ருஸ்கியே’, முட்டைக்கோஸும் காளானும் அடைத்தது, இரண்டும் உண்டு. அடைசல் சைவம் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது, மேலே பன்றிக்கொழுப்பை வறுத்துத் தூவியிருப்பார்கள். ஆர்டர் சொல்லும்போதே ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்றால் வெண்ணெய் மட்டும் விட்டுத் தருவார்கள். ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்த 2022-க்குப் பிறகு சில கடைகள் ருஸ்கியேவை ‘உக்ரைன் பியெரோகி’ என்று எழுதுகின்றன. ஆனால் ‘ருஸ்கியே’ என்ற பெயர் ரஷ்யாவைக் குறித்ததே இல்லை. இன்றைய மேற்கு உக்ரைன் பக்கத்துப் பழைய ருத்தேனியப் பகுதியிலிருந்து வந்தது.

உணவகத்தில் விருந்து வைத்தால் பில்லில் மூன்று வரியைப் பாருங்கள். வெளியிலிருந்து கேக் கொண்டுபோனால் தலைக்கு இவ்வளவு என்று ‘தலேஜிகோவே’, சொந்தப் பாட்டில் கொண்டுபோனால் ‘கொர்கோவே’, பெரிய கூட்டத்துக்குப் பல இடங்களில் 10 சதவீதம் சேவைக் கட்டணம். மேசை பதிவு செய்யும்போதே மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் பிறகு வாக்குவாதம் இல்லை. பில் கட்டுவது பிறந்தநாள்காரர்தான், அங்கே அதுதான் வழக்கம். பழைய பாணிக் கடை கிடைத்தால் ‘லொர்னெத்தா ஸ் மெதூஸோன்’ கேளுங்கள், ‘ஜெல்லிமீனோடு பைனாகுலர்’ என்று பொருள். பக்கம் பக்கமாக இரண்டு ஐம்பது மில்லி கிளாஸ், நடுங்கும் பன்றிக்கால் ஜெல்லி ஒரு தட்டு. கம்யூனிஸ்ட் காலத்து நையாண்டி இன்னும் உயிரோடு இருக்கிறது.

கேக் வந்ததும் எல்லோரும் எழுந்து ‘ஸ்தோ லாத்’ பாடுவார்கள். ‘நூறு வருஷம் வாழ்க’ என்பது அதன் பொருள். நூறைத் தொட்டவருக்கு இருநூறு என்று மாற்றிப் பாடுகிறார்கள். கேக்கும் ஷர்லோத்காவும் முடிந்த பிறகு வோட்கா ஊற்றாமல், கோப்பையில் சூடான பீட்ரூட் ரசம், ‘பர்ஷ்ச்’, கொடுத்து அனுப்புவது நல்ல வீட்டு வழக்கம்.

நாலு கிளாஸ் என்பது சுமார் 63 கிராம் ஆல்கஹால். போலந்தில் வண்டி ஓட்ட அனுமதி ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.2 வரைதான், 0.5 தாண்டினால் குற்ற வழக்கு. நடுராத்திரியில் முடித்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் இதில் அடங்கும். கிராகூஃப் நகரத்தில் நடுராத்திரி முதல் காலை ஐந்தரை வரை கடைகளில் மது விற்பனை இல்லை. பாட்டில் போதவில்லை என்று அப்போது இறங்கி ஓடிப் பயனில்லை.

வெள்ளரி ஜாடியில் மிஞ்சும் உப்புநீரைக் கொட்டிவிடாதீர்கள். மூடி குளிரில் வைத்தால் காலையில் ஹேங்ஓவருக்கு ஆளுக்கு அரை கிளாஸ் வரும்.