ரைசரா, புது ஹேண்டில்பாரா?

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கில் கரடுமுரடான பாதையில் எழுந்து நின்று ஓட்டினால், கொஞ்ச நேரத்தில் முதுகு கூன் போட்டுவிடும். ஹேண்டில்பார் (சுருக்கமாக பார்) எனக்குத் தாழ்வு. "ரைசர் போடு" என்றது ஒரு கட்சி, "பாரையே மாத்து" என்றது இன்னொன்று. நான் இரண்டையும் போட்டுப் பார்த்தேன்.

ரைசர் என்றால் பாரைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடியில் வைக்கும் அலுமினியக் கட்டை, கூடவே நீளமான போல்ட்டுகள். அரை மணி நேர வேலை, செலவும் குறைவு. ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சாய்ந்திருப்பதால் பார் நேராக மேலே போகாது. 26 டிகிரி சாய்வில் 25 மி.மீ. கட்டை வைத்தால், சுமார் 11 மி.மீ. நம் பக்கமாகவும் வரும். உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அது சுகம். நின்று ஓட்டுபவருக்கோ பார் தொடையருகே வந்துவிட்டது போலிருக்கும். மணிக்கட்டு வலிக்கு ரைசர் மருந்தே அல்ல. பாரின் வளைவும் அகலமும் அப்படியேதானே இருக்கின்றன!

அவற்றை மாற்ற புது பார்தான் வழி. ஆனால் ஒரு நாள் போய்விடும். கிரிப், இருபக்க சுவிட்ச், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் லிவரோடு இருக்கும் ஆயில் டப்பா), கிளட்ச் லிவர் என எல்லாம் கழல வேண்டும். சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குட்டி முளை இருக்கும். அது உட்கார பாரில் துளை வேண்டும். சிலர் துளை போடச் சோம்பல்பட்டு முளையை நறுக்கிவிடுவார்கள். அப்புறம் சுவிட்ச் கையோடு சுற்றும். தடித்த 28.6 மி.மீ. பார் பிடித்திருந்தால் கிளாம்பும் மாற்ற வேண்டும். வழக்கமான 22 மி.மீ. கிளாம்பில் அது உட்காராது.

இரண்டுக்கும் பொதுவான வில்லன் கேபிள்: பார் உயர்ந்தால் அதன் நீளம் போதாமல் போகலாம். ஒரு மெக்கானிக் எனக்கு ரைசரை மாட்டி, "சரி சார், எடுத்துட்டுப் போங்க" என்றார். வால்பாறை ஏற்றத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதிலேயே ஹேண்டிலை முழுக்க ஒடித்தபோது, நான் திருகாமலே ஆக்சிலரேட்டர் ஏறியது. கேபிள் விறைத்து இழுத்துக்கொண்டிருந்தது! அன்றிலிருந்து யார் மாட்டினாலும், இன்ஜினை ஐடிலில் விட்டு, பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்கிறேன். ஆர்பிஎம் அசையக் கூடாது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து பிரேக் ஹோஸையும் (பிரேக் ஆயில் போகும் குழாய்) பார்க்க வேண்டும். ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போதுதான் அது அதிகம் இழுபடும்.

என் கணக்கு இதுதான்: முதுகு வலித்தால் ரைசர், மணிக்கட்டு வலித்தால் பார். இரண்டுக்கும் முன்னால், கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி இருக்கிற பாரையே கொஞ்சம் முன்னும் பின்னும் சுழற்றிப் பாருங்கள், காசே இல்லை. என் மணிக்கட்டு வலி அதிலேயே போய்விட்டது. புது பார் பரணில் கிடக்கிறது. வண்டியில் இப்போது பழைய பாரும் 20 மி.மீ. ரைசரும்தான், நீளம் கூடிய ஆக்சிலரேட்டர் கேபிளோடு.