மலை எந்தப் பிரதியில் தெரிகிறது?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டுடியோ அது. வளைவைப் பார்க்க பஸ் ஏறினால் போதும். அங்கே எடுத்த படங்களைப் பார்க்க இணையத்தில்தான் துழாவ வேண்டும். எனக்கு அதில் ஒரு கிறுக்கும் உண்டு. வெளிப்புறக் காட்சியில் குன்று தெரிந்தால், அது ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலைதானா என்று படத்தை நிறுத்திப் பார்ப்பேன். பழைய படம் கிடைக்கும் மூன்று தளங்களைப் பற்றிக் கீழே வரும் ஒப்பீடு அந்தக் கிறுக்கை அளவுகோலாக வைத்தது.

யூடியூப்பில் தேட வேண்டிய சிரமமே இல்லை. ‘மந்திரி குமாரி’ (1950), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் கேட்டவுடன் வருகின்றன. ஆனால் ஒரு சேனல்காரர் தன் முத்திரையை வானத்தில் ஒட்டியிருக்கிறார். இன்னொருவர் பழைய சதுரச் சட்டத்தை அகலத்திரைக்கு இழுத்துவிட்டார். நாயகி பருத்துவிட்டாள், மலை மேடாகிவிட்டது. வெட்டு வேறு. அதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது: 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். பழைய குறிப்புகளில் 15,000 அடி என்றிருந்தால் படம் 2 மணி 47 நிமிடம் ஓட வேண்டும். இரண்டேகால் மணியில் முடிந்தால் யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள்.

1996-இல் தொடங்கிய இலவச இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்கைவ் படக் கோப்பையே இறக்கிக்கொள்ள விடுகிறது, விளம்பரம் குறுக்கிடாது. தலைவலி ஆங்கில எழுத்துக்கூட்டலில். ‘மந்திரி’யை ஒருவர் டிஎச் போட்டு ஏற்றுவார், ஒருவர் வெறும் டி, மூன்றாமவர் இகரத்தையே விழுங்கிவிடுவார். எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கப் பொறுமை வேண்டும். கிடைத்தபின் பார்த்தால் சில நேரம் அதே யூடியூப் முத்திரை சிரிக்கும்.

என் ஓட்டு இந்தியப் படங்களுக்கான இணையக் காப்பகமான இண்டியன்சினி.மா தளத்துக்கு. முழுப் படத்தையும் ஒரு நீளமான வண்ணப் பட்டையாக விரித்து வைக்கிறார்கள். இருட்டான அரண்மனைக் காட்சிகளுக்கு நடுவே வெளிச்சமான துண்டு தெரிந்தால் அது பெரும்பாலும் வெளிப்புறம். நேராக அங்கே போகலாம். குறிப்பிட்ட நொடியில் குறிப்பு எழுதவும் இடமுண்டு. குறை என்னவென்றால், பல படங்களுக்குத் தகவல் பக்கம் மட்டும் இருக்கும், படம் இருக்காது. இந்தியச் சட்டப்படி திரைப்பட உரிமை வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள்தான். ஆகவே 1950-ஆம் ஆண்டுப் படங்கள் 2011-லேயே பொதுவுடைமையாகிவிட்டன. பழைய படம் தேடுபவருக்கு அது பெரிய வசதி.

புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. சுருள்களின் தாய்வீடு அதுதான் என்றாலும், வீட்டில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டுபவருக்கு அது வேறு பயணம். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938) போன்றவற்றுக்கோ எங்கே போனாலும் பிரதி இல்லை.

போன வாரம் ஒரு குதிரைக் காட்சியை நிறுத்தி நண்பருக்குக் காட்டினேன். பின்னால் இருப்பது சேர்வராயன் இல்லை, சேலத்தை ஒட்டிய நகரமலை என்கிறார். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.