தாவல்களா, தனிச் சாளரங்களா?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் கணக்குப் பிரிவுக்கு மென்பொருள் வடிவமைப்பவர், ஆவணங்களை ஒரே சாளரத்துக்குள் (விண்டோ) தாவல்களாகத் (டேப்) திறப்பதா, தனித்தனிச் சாளரங்களாகத் திறப்பதா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இடம்: சிறிய மடிக்கணினித் திரையில் தாவல்கள் அடக்கமாக இருக்கும். தனிச் சாளரங்கள் பணிப்பட்டையை விரைவில் நிரப்பிவிடும்.

மாறுதல்: ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, தாவல்களுக்குக் கண்ட்ரோல்-டேப் விசைகள், சாளரங்களுக்கு ஆல்ட்-டேப் விசைகள். பழகியவருக்கு இரண்டும் ஒன்றே.

ஒப்பிடுதல்: உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. எடைச்சீட்டையும் விவசாயிக்குத் தர வேண்டிய தொகைப் பட்டியலையும் சரிபார்க்கும் எழுத்தர், ஒரு தாவல் மற்றொன்றை மறைத்துவிடுவதால், எண்களை மனத்தில் சுமந்தபடி முன்னும் பின்னும் போய்வர நேர்கிறது. அப்போது ஓர் இலக்கம் பிசகினாலும் இழப்பு, வெயிலில் காய் பறித்துக் கொண்டுவந்தவருக்கே. எக்செல் 2013 ஒவ்வொரு பணிப்புத்தகத்துக்கும் (எக்செல் கோப்புக்கும்) தனிச் சாளரம் கொடுத்தது. இரண்டு திரைகளை வைத்து வேலை செய்வோருக்கு அதன் அருமை தெரியும்.

ஒழுங்கு: தொடர்புடைய ஆவணங்கள் தாவல்களில் ஒன்றாக நிற்கும், இருபதைத் தாண்டினால் தலைப்புகள் சுருங்கி அடையாளம் தெரியாமல் போகும்.

ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கவும் பதியவும் தாவல்களே போதும். இரண்டை ஒருசேரப் பார்க்கும் பணிக்குத் தனிச் சாளரமே ஏற்றது. இரண்டு பணிகளும் கலந்த அலுவலகத்துக்கு, உலாவிகளில் உள்ளதுபோல, தாவலை வெளியே இழுத்துத் தனிச் சாளரமாக்கும் வசதியைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பேன்.